உடன்போக்கும் ஓடிப்போனவளும்

பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக ஒசூர்ப் பக்கம் தமிழ் நடத்திவருகிறேன். என் வகுப்பில் இருக்கும் பெண்களில் பாதிப் பேருக்கு வீட்டில் பேசும் மொழி தெலுங்கோ கன்னடமோதான். தமிழ் அவர்களுக்குப் பள்ளிக்கூடத்தில் வந்து சேர்ந்தது. ஆனாலும் அகப்பாடல் என்றால் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். அதிலும் பாலைத்திணையில் உடன்போக்குப் பகுதி வந்துவிட்டால் கடைசி பெஞ்சு வரை அமைதியாகிவிடும்.

அன்று கலித்தொகை நடத்திக்கொண்டிருந்தேன். பாலைக்கலியில் ஒரு செவிலித்தாய், தலைவனோடு போய்விட்ட மகளைத் தேடிச் சுரவழியில் வருகிறாள். எதிரே வரும் முக்கோல் பகவரிடம் விசாரிக்கிறாள். பார்த்தோம் என்கிறார்கள் அவர்கள். அவள் செய்தது அறத்துக்கு மாறானதில்லை என்று எடுத்துச் சொல்லித் தேற்றுகிறார்கள். நான் வழக்கம்போல இதன் அழகைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி கையைத் தூக்கினாள்.

“மேம், அந்தம்மா தனியாத்தான தேடிப் போறாங்க? எங்க ஊர்ப்பக்கம்னா நாலஞ்சு பேரு காரு எடுத்துக்கிட்டுப் போவாங்க.”

வகுப்பு சிரித்தது. பிறகு அந்தச் சிரிப்பு சட்டென்று அடங்கியது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சூடுகொண்டபள்ளி நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

ஒசூரை அடுத்த சிற்றூர் அது. 2018 ஆகஸ்டில் அந்த ஊரைச் சேர்ந்த ஓர் இளைஞரும் ஓர் இளம்பெண்ணும் மணந்துகொண்டார்கள். அவர் தலித். அவள் இடைநிலைச் சாதியைச் சேர்ந்தவள். ஊரில் இருக்க முடியாது என்று தெரிந்து ஒசூரில் குடியிருந்தார்கள். நவம்பரில் அவர்கள் கடத்தப்பட்டார்கள். கை கால்கள் கட்டப்பட்ட அவர்களுடைய உடல்கள், எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தின் மாண்டியா மாவட்டத்தில், சிவனசமுத்திரம் அருகே காவிரியிலிருந்து எடுக்கப்பட்டன. இளைஞரின் பனியனில் இருந்த அம்பேத்கர் படமும் ஊர்ப்பெயரும்தான் அவர் யார் என்று காவலர்களுக்குக் காட்டிக்கொடுத்தன. பெண்ணின் தந்தையும் உறவினர்களும் கைதானார்கள்.

எல்லைப்பகுதியில் வாழ்பவர்களுக்கு எல்லை என்பது ஒரு வசதி. வேலைக்கு அத்திப்பள்ளி தாண்டிப் போகிறோம். பெட்ரோல் விலை எந்தப் பக்கம் குறைவு என்று பார்க்கிறோம். காதலிப்பவர்களும் சூசூவாடி சோதனைச் சாவடியைத் தாண்டிவிட்டால் பெங்களூருவின் கூட்டத்தில் கரைந்துவிடலாம் என்று நம்புகிறார்கள். அதே எல்லையைச் சடலங்களை மறைக்கவும் பயன்படுத்தலாம் என்று அந்த நவம்பர் காட்டியது.

*

எல்லையைத் தாண்டித் திருமணம் செய்துகொண்ட இன்னொரு இணையைப் பற்றி அந்த வாரத்தில் மாணவிகளுக்குச் சொன்னேன். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தைச் சேர்ந்த மில்ட்ரெட் ஜீட்டர், ரிச்சர்ட் லவிங். அவர் கறுப்பினப் பெண், அவருடைய காதலர் வெள்ளையர். வர்ஜீனியாவில் 1924ஆம் ஆண்டின் இனத்தூய்மைச் சட்டம் இத்தகைய திருமணத்தைக் குற்றமாக்கியிருந்தது. எனவே 1958 ஜூனில் வாஷிங்டன் நகருக்குப் போய் மணந்துகொண்டு ஊர் திரும்பினார்கள். சில வாரங்களில் நள்ளிரவில் காவலர்கள் அவர்களுடைய படுக்கையறைக்குள் நுழைந்து கைது செய்தார்கள். ஓராண்டுச் சிறை, மாநிலத்தைவிட்டு வெளியேறி 25 ஆண்டுகள் சேர்ந்து திரும்பி வராதிருந்தால் அந்தத் தண்டனை நிறுத்திவைக்கப்படும் என்றது நீதிமன்றம். கடவுள் இனங்களைத் தனித்தனிக் கண்டங்களில் வைத்ததே அவை கலக்கக் கூடாது என்பதற்காகத்தான் என்பது அந்த நீதிபதியின் வாதம்.

1967 ஜூன் 12 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது. அப்போது 16 மாநிலங்களில் இத்தகைய சட்டங்கள் இருந்தன. அதே ஆண்டு நவம்பரில், அண்ணா முதல்வராக இருந்தபோது, நம் சட்டமன்றம் சுயமரியாதைத் திருமணங்களைச் செல்லுபடியாக்கும் திருத்தத்தை நிறைவேற்றியது. புரோகிதர் வேண்டாம், தீ வேண்டாம். உறவினரோ நண்பரோ வேறு சிலரோ முன்னிலையில், இருவருக்கும் புரியும் மொழியில், ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லி மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலோ தாலி கட்டினாலோ போதும். உலகத்தின் இரு மூலைகளில், ஐந்து மாத இடைவெளியில், திருமணத்தைக் கட்டியிருந்த கயிறுகள் அவிழ்ந்தன.

இன்னும் பின்னால் போனால் 1949 வருகிறது. அந்த ஆண்டு தென்னாப்பிரிக்கா கலப்புத் திருமணத் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1985 வரை அது நீடித்தது. அதே 1949இல் இந்தியா இந்துத் திருமணங்கள் செல்லுபடிச் சட்டத்தை இயற்றியது. வெவ்வேறு சாதி, உட்சாதி, பிரிவு என்ற காரணத்தால் எந்த இந்துத் திருமணமும் செல்லாததாகாது என்றது அது. இந்தச் சட்டத்தை என் மாணவிகள் யாரும் கேள்விப்பட்டதில்லை. நானும் முனைவர் பட்டம் வாங்கிப் பல ஆண்டுகள் கழித்துத்தான் கேள்விப்பட்டேன். அப்படியொரு சட்டம் தேவைப்பட்டது ஏன் என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு முன்பு, மேல் என்று சொல்லப்பட்ட சாதிப் பெண் கீழ் என்று சொல்லப்பட்ட சாதி ஆணை மணக்கும் பிரதிலோமத் திருமணத்தைச் செல்லாது என்று தள்ளும் வழக்கம் நீதிமன்றங்களில் இருந்தது. ஆண் மேலும் பெண் கீழுமான அனுலோமத்துக்குச் சில இடங்களில் இடம் கிடைத்தது. ஆகவே, நம்மிடம் அப்படிப்பட்ட சட்டமே இருந்ததில்லை என்று பெருமைப்பட்டுக்கொள்ள முடியாது.

தமிழ்ப் பெண்களுக்கு இந்த வரலாற்றில் இன்னொரு பங்கும் உண்டு. 1913இல் தென்னாப்பிரிக்காவின் கேப் நீதிமன்றம், கிறித்தவ முறைப்படி நடக்காத இந்தியத் திருமணங்களைச் சட்டப்படி ஏற்க முடியாது என்றது. ஒரே நாளில் மனைவிகள் மனைவிகளாக இல்லாமல் போனார்கள். அந்த ஆண்டின் சத்தியாக்கிரகத்தில் பெண்கள் அனுமதிச்சீட்டு இல்லாமல் மாகாண எல்லையைத் தாண்டிச் சிறைக்குப் போனார்கள். அவர்களில் ஒருவர் தில்லையாடி வள்ளியம்மை. சிறையில் நோயுற்று, விடுதலையான சில நாட்களில், 1914 பிப்ரவரியில் இறந்தபோது அவருக்கு வயது 16. வெள்ளையர் அரசு நம் திருமணத்தை மதிக்கவில்லை என்றபோது எல்லையைத் தாண்டிய பெண்ணுக்கு நாம் சிலை வைத்தோம். நம் வீடு மதிக்காத திருமணத்துக்காக எல்லையைத் தாண்டும் பெண்ணுக்கு நம் மொழி வைத்திருக்கும் பெயர் ‘ஓடிப்போனவள்’.

*

இந்தச் சொல்லில் சற்று நிற்க வேண்டும். பழைய சொல் உடன்போக்கு. ‘உடன்’ என்பதில் இருவர் இருக்கிறார்கள். ஒருவர் முடிவெடுத்து ஒருவர் தூக்கிச் செல்லப்படுவது அதில் இல்லை. அவள் தன் காலால் நடக்கிறாள். இன்றைய பேச்சில் இரண்டே வழக்குகள்தான். ஒன்று ‘அவன் இழுத்துக்கிட்டுப் போயிட்டான்’. இதில் அவள் ஒரு பொருள். மற்றொன்று ‘அவ ஓடிப்போயிட்டா’. இதில் அவள் குற்றவாளி. அவன் காணாமல் போய்விடுகிறான். காவல் நிலையத்துக்குப் போனால் மூன்றாவதாக ஒன்று எழுதப்படுகிறது: ‘பெண் காணவில்லை’. பதினெட்டு வயது நிரம்பிய ஒருத்தி, தான் எங்கே இருக்கிறேன் என்று நன்றாகத் தெரிந்து இருக்கிறாள். ஆனால் ஆவணத்தில் அவள் காணாமல் போனவள். பொருளாக, குற்றவாளியாக, தொலைந்தவளாக இருக்கலாம்; முடிவெடுத்தவளாக மட்டும் இருக்க முடியாது.

கொலைக்கும்கூட நாம் நெடுங்காலம் ‘கௌரவக் கொலை’ என்று பெயர் வைத்திருந்தோம். பெண்ணிய, தலித் இயக்கங்கள் விடாமல் பேசியதால்தான் ‘ஆணவக் கொலை’ என்ற சொல் இன்று செய்தித்தாள்களில் இயல்பாகியிருக்கிறது. ஒரு சொல்லை மாற்றுவது சிறிய வேலை இல்லை என்பதற்கு இது ஒரு சான்று.

ஆனால் பழைய சொல்லின் பெருமையில் நான் மாணவிகளை ஏமாற்றவும் கூடாது. உடன்போக்கை இவ்வளவு மென்மையாகப் பாடிய மரபே, யார் யாரோடு போகலாம் என்பதற்கும் இலக்கணம் எழுதியது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் தலைவனுக்கும் தலைவிக்கும் இருக்க வேண்டிய பத்து ஒப்புகள் வரிசைப்படுத்தப்படுகின்றன. அந்த வரிசையில் முதலில் நிற்பது பிறப்பு. அடுத்தது குடிமை. வயது, உருவு, அருள், உணர்வு எல்லாம் பின்னால் வருகின்றன, கடைசியில் செல்வம். சங்ககாலப் பிறப்பும் இன்றைய சாதியும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது வரலாற்றைத் தட்டையாக்கும். ஆனால் காதலுக்கு முதல் நிபந்தனையாகப் பிறப்பை வைக்கும் பழக்கத்துக்கு நம் இலக்கணத்திலேயே ஓர் இருக்கை உண்டு என்பதை மறுக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாளில் வரும் மணமகள் தேவை விளம்பரத்தை இந்த நூற்பாவின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சாதி, உட்பிரிவு, வயது, நிறம், படிப்பு, சொத்து என்று வரிசை ஏறத்தாழ அப்படியே இருக்கிறது.

பல ஆண்டுகள் இந்தப் பத்தையும் நான் ஐந்து மதிப்பெண் கேள்வியாக நடத்தியிருக்கிறேன். மனப்பாடம் செய்யச் சொல்லியிருக்கிறேன். முதல் சொல்லில் நின்று ஒரு கேள்வி கேட்டதில்லை. செவிலித்தாயைப் பற்றி அந்த மாணவி கேட்ட பிறகுதான், உடன்போக்கின் கவிதை ஏன் அவ்வளவு எளிதாக மன்னிக்கிறது என்று யோசித்தேன். போனவன் ஒத்த பிறப்பினன் என்று மரபு முன்பே உறுதிசெய்து வைத்திருக்கிறது. முக்கோல் பகவரின் அறம் அந்த வேலிக்குள் நின்று பேசுகிற அறம். வேலிக்கு வெளியே போனவளுக்கு அவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதற்குப் பாட்டு இல்லை.

*

சாதியின் உயிர் எங்கே இருக்கிறது என்பதை 1916இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 25 வயது அம்பேத்கர் வாசித்த கட்டுரை சுட்டிக்காட்டியது. அகமணம்தான் சாதியின் சாரம் என்றார் அவர். ஒரு குழு தனக்குள்ளேயே மணமுடித்துக்கொள்ள வேண்டுமானால் ஆண்களும் பெண்களும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும். கணவன் இறந்தால் மனைவி ‘உபரிப் பெண்’ ஆகிறாள். அவள் வேறு குழுவில் மணந்தால் வேலி உடையும். அதே குழுவில் மறுமணம் செய்தால் கன்னிப்பெண்ணின் வாய்ப்பைப் பறிப்பாள். எனவே அவளை எரிப்பது, அல்லது விதவைக் கோலத்தில் பூட்டி வைப்பது. ‘உபரி ஆணுக்கு’ வயதில் மிகச் சிறிய பெண்ணைக் கட்டிவைப்பது. உடன்கட்டை, கட்டாய விதவைக்கோலம், குழந்தைத் திருமணம் என்ற மூன்றையும் சாதியைக் காக்கும் தொழில்நுட்பமாக அவர் பார்த்தார். சாதியைப் பற்றிய பெண்ணியக் கோட்பாட்டின் தொடக்கம் என்று நான் நம்பும் எழுத்து இது.

நம் மாவட்டத்தை இந்தக் கண்ணாடி வழியே பார்க்கலாம். சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய பகுதிகள் பெண் சிசுக்கொலைக்காகப் பேர் வாங்கியவை. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில்தான் தொடங்கியது. பின்னர் அன்றைய தருமபுரி மாவட்டத்துக்கும் வந்தது. கிருஷ்ணகிரி 2004 வரை அந்த மாவட்டத்தின் ஒரு பகுதி. பிறந்தவுடன் ‘உபரி’ என்று எண்ணப்பட்ட அதே பெண், இருபது வயதில் வேறு சாதிக்காரனை விரும்பியதும் குடும்பத்தின் விலைமதிப்பற்ற சொத்தாகிவிடுகிறாள். அவளுடைய உயிருக்கு மதிப்பில்லை. அவளுடைய கருப்பைக்கு உண்டு. அஞ்செட்டி, தளி மலைக்கிராமங்களில் குழந்தைத் திருமணங்கள் இன்னும் நிற்கவில்லை. ஏன் இவ்வளவு சின்ன வயதில் என்று கேட்டால், ‘யாரையாவது பார்த்துக்கிட்டாள்னா?’ என்று பெரியவர்கள் சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். காதலுக்கு முன்பே கல்யாணம். அம்பேத்கர் சொன்ன கணக்கு நூறாண்டு கடந்தும் பிசகவில்லை.

அமெரிக்காவிலும் கணக்கு பெண்ணின் உடலில்தான் தொடங்கியது. 1662இல் வர்ஜீனியா, பிள்ளையின் நிலை தாயின் நிலையைப் பின்பற்றும் என்று சட்டம் செய்தது. வெள்ளை எசமானனுக்கு அடிமைப் பெண்ணிடம் பிறந்த பிள்ளை அவனுக்கே அடிமை. அதில் யாருக்கும் மானம் போகவில்லை, சொத்து பெருகியது. 1691இல் இன்னொரு சட்டம். வெள்ளைப் பெண் ஒருத்தி கறுப்பின ஆணின் பிள்ளையை மணமில்லாமல் பெற்றால் 15 பவுண்டு அபராதம். கட்ட முடியாவிட்டால் ஐந்தாண்டு அவளை வேலைக்கு விற்கலாம். அனுலோமம், பிரதிலோமம் என்ற சொற்களை அறியாத தேசம் அதே சூத்திரத்தைத் தன் மொழியில் எழுதியது. இனமும் சாதியும் ஒன்றல்ல. தோன்றிய விதமும் நடத்தும் விதமும் வேறு. இரண்டையும் காவல் காக்கும் வாசல் ஒன்று. அந்த வாசலில் பெண்ணை நிறுத்தியிருக்கிறார்கள்.

*

பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ நாவல் தருமபுரி இளவரசனுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. இளவரசனின் காதல் திருமணத்தைக் காரணம் காட்டி 2012 நவம்பர் 7 அன்று நத்தம் உள்ளிட்ட மூன்று தலித் குடியிருப்புகளில் 200க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டுக் கொளுத்தப்பட்டன. 2013 ஜூலை 4 அன்று தண்டவாளத்தின் அருகே அவர் பிணமாகக் கிடந்தார். நாவலில் சரோஜா, சோடாக்கடையில் வேலைசெய்யும் குமரேசனை மணந்து அவனுடைய ஊருக்கு வருகிறாள். அவள் என்ன சாதி என்பதை நாவல் கடைசிவரை பெயரிட்டுச் சொல்வதில்லை. ஊரார் அவளுடைய வெளுத்த நிறத்தை வைத்து ஊகிக்கிறார்கள். இந்தக் காட்டில் வெயிலில் வேலை செய்யும் நம்மவள் இப்படியிருக்க மாட்டாள் என்பது அவர்கள் தர்க்கம். சாதிக்கு நிறமில்லை என்று ஆய்வாளர்கள் எவ்வளவு சொன்னாலும், ஊர் முதலில் தோலைத்தான் படிக்கிறது என்பதை இந்த நாவல் நுட்பமாகப் பிடித்திருக்கிறது. நம்மவள்தான் என்று சொல்லிச் சமாளித்துவிடலாம் என்று குமரேசன் நம்புகிறான். முடிவில் சரோஜா ஒளிந்திருக்கும் புதருக்கு ஊர் தீ வைக்கிறது.

இந்த நாவலை மாணவிகளோடு படிக்கும்போதெல்லாம் ஓர் உறுத்தல் எனக்கு உண்டு. சரோஜாவை அன்றாடம் குத்துவது மாமியார் மாராயியின் நாக்கு. இளம் விதவையாகித் தனியாகப் பிள்ளையை வளர்த்த பெண் அவள். ஊர் ஒதுக்கிவிடும் என்ற அவளுடைய பயத்துக்குக் காரணம் இருக்கிறது. நாவல் அந்தக் காரணத்தை மறைக்கவில்லை. இருந்தும் வாசித்து முடிக்கையில் மனத்தில் தங்குவது அவளுடைய வசைதான். தீர்மானம் எடுக்கிற ஆண்கள் கூட்டமாக, முகமில்லாமல் நிற்கிறார்கள். நம் சினிமாவிலும் தொலைக்காட்சித் தொடரிலும் இதுதான் வழக்கம்: சாதியின் கை ஆணுடையது, குரல் மட்டும் கிழவியுடையது.

2023 ஏப்ரலில் ஊத்தங்கரை அருகே அருணபதி கிராமத்தில் நடந்ததை இதற்குப் பக்கத்தில் வைக்கிறேன். திருப்பூரில் வேலை செய்த ஓர் இளைஞர் உடன் வேலை செய்த தலித் பெண்ணை மணந்தார். தந்தைக்குப் பிடிக்கவில்லை. தமிழ்ப் புத்தாண்டை ஒட்டி, அந்தப் புதுமண இணைக்குத் தன் வீட்டில் இடம் கொடுத்தவர் இளைஞரின் பாட்டி. தந்தை அங்கே வந்து மகனை வெட்டிக் கொன்றார். தடுக்கப்போன தன் தாயையும் கொன்றார். மருமகள் கடும் காயங்களோடு உயிர் தப்பினாள். செய்தியில் பாட்டி இரண்டாவது வரியில் வந்துபோனார். அவர் எழுத்தறிந்தவரா, சாதியைப் பற்றி என்ன நினைத்தார் என்பதெல்லாம் எந்தச் செய்தியிலும் நான் பார்க்கவில்லை. பேரனும் பேரன் மனைவியும் வந்தார்கள், கதவைத் திறந்தார். அவ்வளவுதான். செவிலித்தாய் போக முடியாத தூரத்துக்கு அந்தப் பாட்டி போனார் என்று நினைக்கிறேன். மாராயிகள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. இந்தப் பாட்டிகளும் இருக்கிறார்கள். அவர்கள் இன்னும் நம் இலக்கியத்துக்குள் வரவில்லை.

*

இதெல்லாம் கிராமத்துச் சங்கதி, தொழிற்சாலை வந்தால் சாதி போய்விடும் என்று ஒரு காலத்தில் நம்பினோம். சிப்காட் வந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம், இப்போது கைப்பேசி என எல்லாம் இங்கே செய்யப்படுகின்றன. ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் வேலைக்கு வருகிறார்கள். சீருடை அணிந்து கன்வேயர் முன்னால் நிற்கையில் யார் எந்தச் சாதி என்று தெரியாது. அங்கே அவர்கள் சந்திக்கிறார்கள், பேசுகிறார்கள், விரும்புகிறார்கள். பெண் முதன்முறையாகச் சொந்தச் சம்பளம் வாங்கும் இடத்தில் காதலும் வருவது இயல்பு. தொழிற்சாலை அவர்களைச் சேர்த்துவைக்கிறது. வீடு கிடைக்கவேண்டிய தெரு பிரித்துவைக்கிறது. ஒசூரில் வாடகைக்கு வீடு தேடும்போது ‘நீங்க எந்த ஊரு?’ என்று தொடங்கி, ‘அங்க எந்தப் பக்கம்?’ என்று தொடர்ந்து, ‘சாப்பாடு எப்படி?’ என்று முடியும் விசாரணை என்னிடமும் நடந்திருக்கிறது. முனைவர் பட்டம் அதிலிருந்து யாரையும் காப்பதில்லை.

இப்போது விடுதிகளில் ஜார்க்கண்ட், ஒடிசா, அசாம் பெண்களும் இருக்கிறார்கள். பேருந்தில் அவர்களைப் பற்றிக் காதுபட நடக்கும் பேச்சு எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ‘ஹிந்திக்காரி’ என்று எல்லோருக்கும் ஒரே பெயர். முகவெட்டைப் பார்த்து ஒரு நாட்டின் பெயரைச் சொல்லிக் கேலி. அவர்களோடு நம் பையன் பழகினால் ‘டைம்பாஸ்’, நம் பெண் அவர்களுடைய ஊர்ப் பையனோடு பழகினால் மானக்கேடு. 1662க்கும் 1691க்கும் வர்ஜீனியா எழுதிய இரண்டு சட்டங்களை நாம் எந்தத் தாளிலும் எழுதாமல், டவுன் பஸ்ஸில் நின்றபடியே நிறைவேற்றிக்கொண்டிருக்கிறோம்.

*

சட்டம் போனால் மனம் மாறுமா? அமெரிக்காவில் காலப் கருத்துக்கணிப்பின்படி 1958இல் கறுப்பர், வெள்ளையர் திருமணத்தை ஏற்றவர்கள் 4 விழுக்காடு; 2021இல் 94 விழுக்காடு. ஆனால் அலபாமா மாநிலத்தில், செல்லாமல்போன தடையை மாநில அரசமைப்பிலிருந்து நீக்க 2000இல் வாக்கெடுப்பு நடந்தபோது, நூற்றுக்கு நாற்பது பேர் நீக்க வேண்டாம் என்று வாக்களித்தார்கள். கணிப்பாளர் கேட்டால் ஒரு பதில், திரைக்குப் பின்னால் வேறொரு பதில். இந்தியாவில் 2011-12இல் நடந்த மனித வளர்ச்சி ஆய்வில் சாதி கடந்த திருமணம் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்துதான். 1949இலிருந்து சட்டம் நம் பக்கம். நாம் சட்டத்தின் பக்கம் வரவில்லை.

லவிங் இணைக்கு ஒரு வசதி இருந்தது. அவர்களை ஒடுக்கியது எழுதப்பட்ட சட்டம். அதற்கு எண் இருந்தது, ஆண்டு இருந்தது. நீதிமன்றத்தில் நிறுத்தி அடித்து வீழ்த்த முடிந்தது. நம் தடைக்குப் பிரிவு எண் இல்லை. அது பூசை அறையில், குலதெய்வக் கோயில் வரியில், தாய்மாமன் சீரில், ‘என்னை உயிரோட பார்க்கணும்னா’ என்று அம்மா அழும் அழுகையில் இருக்கிறது. இதை ரத்து செய்ய எந்த நீதிமன்றத்துக்குப் போவது?

இதனால் சட்டம் வீண் என்று சொல்லிவிட முடியாது. சட்டத்தின் உள்ளேயே வீட்டுக்குத் திறந்துவிடப்பட்ட ஜன்னல்கள் இருக்கின்றன. அவற்றை மூட வேண்டும். 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் சாதி, மதம் கடந்து மணக்க வழிசெய்தது. அதே சட்டம் 30 நாள் முன்னறிவிப்பைக் கேட்கிறது. இருவரின் பெயரும் முகவரியும் அலுவலகப் பலகையில் தொங்கும். யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம். கொல்ல வருகிறவனுக்கு முகவரியை அரசே எழுதிக்கொடுப்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்? 2018 மார்ச்சில் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம், மாவட்டந்தோறும் தனிப்பிரிவு, 24 மணிநேர உதவி எண், பாதுகாப்பு இல்லம் வேண்டும் என்றது. அதற்கு எட்டு மாதம் கழித்துத்தான் சூடுகொண்டபள்ளி. 2025 ஜூலையில் திருநெல்வேலியில் கவின் கொல்லப்பட்ட பிறகு, அக்டோபரில் தமிழக அரசு தனிச்சட்டத்துக்குப் பரிந்துரை தர ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாக அறிவித்தது. உடுமலையில் 2016இல் சங்கரைக் கண்முன்னே பறிகொடுத்த கௌசல்யாவைப் போன்றவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்த சட்டம் இது.

*

கலித்தொகை நடத்திய அந்த நாளில் கேள்வி கேட்ட மாணவி, வகுப்பு முடிந்ததும் என் பின்னாலேயே வந்தாள். படிக்கட்டுக்குக் கீழே நின்று மெதுவாகக் கேட்டாள்: “மேம், எந்த ஆபீஸ்ல நோட்டீஸ் ஒட்ட மாட்டாங்க?”

எனக்குப் புரிந்தது. புரியாததுபோல, “முதல்ல டிகிரிய முடிம்மா, அப்புறம் பேசலாம்” என்றேன். அக்கறையோடுதான் சொன்னேன். பயத்தோடும் சொன்னேன், நாளை அவள் வீட்டார் என்னைத் தேடி வந்தால் என்ன செய்வது என்ற பயம். இரண்டு மாதம் கழித்து அவள் வரவில்லை. அவளுடைய தோழியிடம் கேட்டேன். “கல்யாணம் ஆயிடுச்சு மேம். மாமாவுக்குத்தான் கொடுத்துட்டாங்க.” பத்து ஒப்புகளையும் விரிவாக நடத்திய நான், அவள் கேட்ட ஒரு வரிக்குப் பதில் சொல்லவில்லை.

அந்தப் பதிலை இங்கே எழுதுகிறேன். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிரம்பியிருந்தால் பெற்றோர் சம்மதம் சட்டப்படி தேவையில்லை. இருவரும் இந்துத் திருமணச் சட்டத்துக்குள் வருபவர்கள் என்றால் 30 நாள் அறிவிப்பு தேவையில்லை. 7அ பிரிவின்படி சுயமரியாதைத் திருமணம் செய்து பதிவு செய்துகொள்ளலாம். வழக்கறிஞர்கள் தனிப்பட்ட முறையில் நண்பர்களாக, சாட்சிகளாக நின்று அத்தகைய திருமணத்தை நடத்திவைக்கலாம் என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. மதம் கடந்து, மதம் மாறாமல் மணப்பதென்றால் சிறப்புத் திருமணச் சட்டம்தான். அறிவிப்பு நாட்களுக்கு முன்பே பாதுகாப்பான இடத்தையும் வழக்கறிஞரையும் பார்த்துவைத்துக்கொள்ள வேண்டும். பெண்களுக்கான உதவி எண் 181. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வழக்கறிஞர் இலவசம். சான்றிதழ்கள், ஆதார் ஆகியவற்றின் நகல்களை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். காவல் நிலையத்தில் ‘பெண் காணவில்லை’ என்று எழுத வந்தால், நான் காணாமல் போகவில்லை, என் விருப்பப்படி இருக்கிறேன் என்று உங்கள் கையால் எழுதிக் கொடுங்கள்.

இலக்கிய விமர்சனக் கட்டுரையில் இதெல்லாம் எதற்கு என்று யாராவது கேட்கலாம். உடன்போக்கைப் பாடமாக நடத்துகிற ஆசிரியைக்கு, வழி கேட்டு நிற்கிறவளுக்கு வழி சொல்லவும் தெரிந்திருக்க வேண்டும். இந்த ஆண்டும் பாலைக்கலி வரும். செவிலித்தாய் வருவாள். இம்முறை யாராவது படிக்கட்டுக்குக் கீழே வந்து நின்றால், நான் உட்காரச் சொல்லிப் பேசுவேன்.